தொட்டிச் செடியும் தனித்த அறையும்: ஓவியர் பதில்கள்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் என்னுடைய ஐந்து ஓவியங்கள் வெளியாகியிருந்தன. கண்ணாடிப் பாட்டிலில் வேர்விட்டிருக்கும் மணி பிளான்ட், ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ஸ்நேக் பிளான்ட், காலி நாற்காலியின் அருகே ஒரு பூவாளி, மதில் ஓரத்துத் தோட்டமூலை இரண்டு என ஐந்திலும் செடிகளே இருந்தன, ஆட்கள் இல்லை. தொகுப்புக்குத் 'தனித்திருத்தல்' என்று பெயர் வைத்திருந்தேன். பாராட்டியவர்களைவிடக் கேள்வி கேட்டவர்களே அதிகம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இடம் கருதிச் சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐந்து படங்களிலும் ஒரு மனிதர்கூட இல்லை. ஆள் இல்லாத அறையை வரைந்துவிட்டால் அது தனிமை ஆகிவிடுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஆகாது. வாடகை விளம்பரத்துக்காக எடுக்கப்படும் வீட்டுப் புகைப்படங்களிலும் ஆட்கள் இருப்பதில்லை. அவற்றைப் பார்த்து யாருக்கும் தனிமை தோன்றுவதில்லை. அதே அறையில் ஒரு தொட்டிச் செடியை வைத்துப் பாருங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் செடிக்கு மழை எட்டாது. அது வாடாமல் நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் நாள் தவறாமல் அதன் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த ஒருவர் படத்துக்கு வெளியே நிற்கிறார். நான் வரைய முயன்றது அவரைத்தான். செடி அவர் இருப்பதற்கான சாட்சி.

இதை நான் கற்றுக்கொண்டது ஓவியர் க்வென் ஜானிடமிருந்து. 1876இல் வேல்ஸில் பிறந்து, பிற்பாடு பாரிஸில் தனியே வாழ்ந்த அவர், 1907க்கும் 1909க்கும் இடையில் தம் மாடி அறையின் ஒரு மூலையை வரைந்தார். சாய்ந்த கூரை, ஒரு பிரம்பு நாற்காலி, அதன்மேல் சாத்திவைத்த குடை, மெல்லிய திரை போட்ட ஜன்னல், சிறு மேசையின்மேல் ஒரு கொத்துப் பூ ஆகியவை அதில் உண்டு. பறித்த பூ சில நாள்களுக்கு மேல் நிற்காது. ஆகவே அந்தப் பூவை அவர் அண்மையில்தான் வைத்திருக்க வேண்டும். விருந்தாளிக்காக வைத்த பூ அன்று என்பதையும், அங்கே ஒரே ஒரு நாற்காலி இருப்பதிலிருந்து நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதே மூலையை அவர் இன்னொரு முறையும் வரைந்திருக்கிறார். அதில் ஜன்னல் திறந்திருக்கிறது, மேசையில் ஒரு புத்தகம் விரிந்து கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, ஒரே அறையில் ஒருவருடைய இரண்டு நாள்கள் எப்படிக் கழிந்தன என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: தனிமை என்றாலே சோகம்தானே? உங்கள் படங்களில் சோகம் இருக்கிறதா இல்லையா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.
(ஒரு வாசகி)

பதில்: உங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்பதைப் படத்துக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன். தனிமை என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு நிலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். விட்டுவிடப்பட்டதனால் வருவது ஒன்று, விரும்பிப் போய் அமர்வது மற்றொன்று. பின்னதற்கு ஏகாந்தம் என்று தனிச் சொல்லும் வைத்திருக்கிறோம். ஆனால் வாழ்க்கையில் இவை இரண்டும் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கிடப்பதில்லை. காலையில் ஏகாந்தமாக இருந்த அதே அறை மாலையில் வேறாகிவிடும்.

செடியைக் கொண்டு மனநிலையைச் சொல்லுவது நமக்குப் புதிதன்று. பழந்தமிழ்க் காதல் பாடல்களின் அகத்திணை மரபில் முல்லைத் திணைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். அதாவது, பிரிந்து சென்றவர் வரும்வரை ஆற்றியிருத்தல். அதற்குரிய பொழுதுகள் கார்காலமும் மாலையும். கார்கால மாலையில் முல்லை அரும்பு அவிழ்ந்தது என்று புலவர் சொன்னால் போதும். வீட்டுக்குள் ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பூ, மரம் போன்ற கருப்பொருளைச் சரியாக வைத்தால், மனநிலையான உரிப்பொருள் தானாக வந்து அமரும் என்ற இந்தக் கணக்கு, ஓவியத்துக்கும் அப்படியே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

எளிதான குறியீடுகளில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. வான்கோ 1889 மே மாதம் பிரான்சின் சேன் ரெமியில் இருந்த மனநலக் காப்பகத்தில் தாமே விரும்பிச் சேர்ந்தார். முதல் வாரங்களில் அதன் தோட்டத்திலேயே வரைய வேண்டியிருந்த நாள்களில்தான் ஐரிஸ் பூக்கள் படத்தை வரைந்தார். நீலப் பூக்களின் கூட்டத்தில் இடப்பக்கமாக ஒரே ஒரு வெள்ளைப் பூ நிற்கிறது. அந்த வெள்ளைப் பூதான் வான்கோ என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அது உடன்பாடு இல்லை. அவ்வளவு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் கண்ணுக்கு ஓர் இளைப்பாறும் இடம் வேண்டும். எந்த ஓவியரும் அங்கே ஒரு வெளிர்நிறத்தை வைத்திருப்பார். அந்தப் படத்தின் தனிமையை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். அதில் வானம் இல்லை, பாதை இல்லை, மதிலுக்கு அப்பால் எதுவும் இல்லை. பாத்தி ஓரத்தில் குனிந்து, பூவின் உயரத்துக்கே கண்ணை இறக்கி, வேறெங்கும் போக வேண்டியிராத ஒருவர் பார்த்த காட்சி அது. அந்தப் பார்வையில் சோகத்தைவிடக் கவனமே மிகுதி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஓவியரான கிராண்ட் வுட் 1929இல் தம் தாயாரை வரைந்தபோது, அவர் இரு கைகளாலும் ஒரு தொட்டிச் செடியைப் பிடித்திருப்பதாக அமைத்தார். அது ஸ்நேக் பிளான்ட். தண்ணீர் இல்லாமலும் வெளிச்சம் குறைந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும் வகை. குழந்தையை ஏந்துவது போலவும் தோன்றாமல், பரிசைக் காட்டுவது போலவும் தோன்றாமல், ஒரு பாத்திரத்தைப் பிடிப்பது போல அந்த அம்மாள் அதைப் பிடித்திருக்கிறார். அடுத்த ஆண்டு வுட் வரைந்த, கவைக்கோல் ஏந்திய குடியானவரும் அருகில் ஒரு பெண்ணும் நிற்கும் 'அமெரிக்கன் கோதிக்' என்ற உலகப் புகழ்பெற்ற படத்திலும் இந்தச் செடி இருக்கிறது. அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால், வீட்டுத் திண்ணையில் சிறிதாகத் தெரியும். ஆயிரம் முறை பார்த்த படம்தானே, இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தோட்டத்தை வரைவதற்கும் வீட்டுக்குள் இருக்கும் செடியை வரைவதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?
(ஓவியக் கல்லூரி மாணவர்)

பதில்: தோட்டத்துக்கு உங்கள் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. நீங்கள் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் அது கலைந்து போகும், புதர் மண்டும், ஆனால் செத்துவிடாது. தொட்டிச் செடி உங்களை நம்பி வந்தது. உண்மையில், வீட்டுக்குள் செடி வைக்கும் வழக்கம் பரவலானதற்குப் பின்னால் ஒரு தற்செயல் உண்டு. 1829இல் லண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட், ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈரமண்ணோடு வைத்திருந்தார். அதிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. நகரத்துப் புகைக் காற்றில் வளராத பெரணி, மூடிய கண்ணாடிக்குள் வளர்ந்தது. அதை வைத்து அவர் உருவாக்கிய கண்ணாடிப் பேழைகள் கப்பல்களில் செடிகளை உயிரோடு கடல் கடத்தின. வீட்டுக் கூடங்களிலும் இடம் பிடித்தன. இன்று நம் மேசையில் இருக்கும் பல செடிகளின் மூதாதைகள் வேறு காடுகளின் அடித்தளத்து நிழலில் கூட்டமாக வாழ்ந்தவை. கூட்டத்தில் வாழ்ந்த ஒன்றைத் தனியே பிரித்து ஒரு தொட்டியில் நிறுத்தியிருக்கிறோம் என்ற நினைவு, வரையும்போது எனக்கு அடிக்கடி வரும்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, பிரெஞ்சு ஓவியர் பியேர் பொன்னாரின் கடைசிப் படத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பிரான்சின் தென்கரைப் பகுதியில் லெ கானே என்ற ஊரில் வாழ்ந்தார். மனைவி மார்த்தா 1942இல் இறந்த பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணையாக மிஞ்சியது தோட்டம்தான். படுக்கையறை ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு வாதுமை மரம் ஆண்டுதோறும் பூக்கும். அவரும் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1946இல் தொடங்கிய படத்தை முடிக்கும் தறுவாயில் அவருக்குத் தூரிகை பிடிக்கவும் வலு இல்லை. மரத்தடியில், இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்த தரையின் பச்சை தவறு என்று அவருக்குப் பட்டது; தம் உறவினரான சார்ல் தெராஸின் உதவியோடு அதை மஞ்சளாக்கினார். 1947 ஜனவரி 23ஆம் நாள் இறந்துபோனார். சாகும் தறுவாயில் ஒரு மனிதருக்கு உள்ளங்கை அகலப் பச்சையைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது. அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பார்க்கக் கிடைத்தால் பூக்களை விட்டுவிட்டு அந்த மூலையைப் பாருங்கள்.

கேள்வி: நம் காலத்துக்கு நெருங்கிய ஓவியர்களில், வீட்டுச் செடியை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவர் யாராவது உண்டா? அல்லது இது வரவேற்பறை அலங்காரத்துக்கான பாடுபொருள்தானா?
(அதே மாணவர்)

பதில்: உங்கள் கேள்வியின் பிற்பகுதியில் இருக்கும் ஏளனத்தை நான் பலமுறை நேரில் கேட்டிருக்கிறேன், ஒரு கண்காட்சியில் என் படத்தின் முன் நின்றவர், சோபாவின் நிறத்துக்கு ஒத்துவருமா என்று மனைவியைக் கேட்டார். முற்பகுதிக்கு விடை, லூசியன் ஃபிராய்ட். 1922இல் பெர்லினில் பிறந்து, 1933இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 2011இல் லண்டனில் மறைந்த அவரை மனித உடலை ஈவிரக்கமின்றி வரைந்தவர் என்றே உலகம் அறியும். ஆனால் செடிகளையும் அவர் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். 2022இல் லண்டனில் உள்ள தோட்ட அருங்காட்சியகம் அவருடைய செடி ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

அவருடைய மூன்று படங்களைக் கால வரிசையில் பார்த்தால், செடிக்கும் மனிதனுக்கும் இடையிலான பங்கீடு படிப்படியாக மாறிக்கொண்டே போவது தெரியும். 1951இல் வரைந்த, லண்டனின் பாடிங்டன் பகுதி அறைக் காட்சியில், மழைக்கோட்டு அணிந்த ஓர் இளைஞர் ஒரு கை முஷ்டியை இறுக்கியபடி நிற்க, அவருக்கு எதிரே ஏறக்குறைய அவர் உயரத்துக்கே ஒரு தொட்டிச் செடி நிற்கிறது. சண்டைக்கு அழைத்துவிட்டு இருவரும் காத்திருப்பது போல இருக்கும். 1967-68இல் வரைந்த படத்தில் நீண்ட இலைகள் முன்புறத்தை முழுவதுமாக அடைத்துக்கொள்கின்றன. அந்த இலைகளுக்குப் பின்னால் ஓவியர் மேல்சட்டை இல்லாமல், பொம்மை அளவுக்குச் சிறிதாக, காதருகே கையைக் குவித்து எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தற்சித்திரம் என்று பெயர், ஆனால் இலைதான் பெரிய ஆள். 1977இல் தொடங்கி 1980வரை வரைந்த 'இரண்டு செடிகள்' என்ற படத்தில் மனிதர் அறவே இல்லை. ஏறத்தாழ ஐந்தடி உயரம், நான்கடி அகலம் கொண்ட அந்த ஓவியத் திரையில் இருப்பதெல்லாம் இலைகள்தாம். புதிய ஸ்டூடியோவின் கூரை வெளிச்சத்துக்குக் கண் பழக வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் இழுத்துக்கொண்டது.

மூன்று ஆண்டுகளில் ஒரு செடி அதே செடியாக இருக்காது. முதலில் வரைந்த இலை பழுத்து உதிர்ந்திருக்கும், அந்த இடத்தில் புதுத் துளிர் வந்திருக்கும். ஃபிராய்ட் அதை ஒரு தொல்லையாக நினைக்கவில்லை. தழைப்பதும் வாடுவதும் ஒரே திரையில் இருக்க வேண்டும் என்றே விரும்பினார். ஒவ்வோர் இலைக்கும் ஒரு முகத்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் கொடுத்தார். காய்ந்து சுருண்டவற்றை அவர் கிள்ளி எறியவில்லை. மாதக்கணக்கில் எதிரே அமரும் மனிதர்கள் பேசுவார்கள், களைப்படைவார்கள், ஒருநாள் வராமலும் போவார்கள். செடி அப்படியே அங்கே இருக்கும். அவ்வளவு நீண்ட காலம் பேச்சே இல்லாமல் ஒரு செடியோடு ஒரே அறையில் இருந்தவரின் தனிமையை, தனிமை என்று எந்தக் குறியீடும் இல்லாமலே அந்தப் படம் சொல்லிவிடுகிறது.

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் போதாதா? செடி என்ன ஓடியா போகிறது?
(ஒரு வாசகர்)

பதில்: ஓடுகிறது, மெதுவாக. காலையில் பென்சிலால் கோடு போட்ட மணி பிளான்ட் இலை மாலையில் அந்தக் கோட்டில் இருப்பதில்லை. தண்டின் நிழல் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கூடுதலாகச் சேர்வதால் அந்தப் பக்கத்து உயிரணுக்கள் அதிகம் நீள்கின்றன. தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இலேயே, வெளிச்சத்தை உணர்வது முளையின் நுனி என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இதில் ஓவியருக்கு ஒரு லாபம் உண்டு. ஜன்னலை வரையாமலே, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தண்டின் சாய்வால் சொல்லிவிடலாம். தொட்டியை அடிக்கடி திருப்பி வைப்பவர் வீட்டுச் செடி நேராக நிற்கும், திருப்பாதவர் வீட்டுச் செடி ஒரே பக்கம் சாயும். என் ஸ்நேக் பிளான்ட் சாய்ந்திருப்பதன் காரணம் என் சோம்பல்; படத்தில் அதை ஏக்கம் என்று படித்தவர்களுக்கு நன்றி.

இருந்தாலும் புகைப்படத்தை நான் தடை செய்யவில்லை. 1977இல் பிறந்த அமெரிக்க ஓவியரான ஜோனஸ் வுட், புகைப்படங்களை வெட்டி ஒட்டி, அவற்றிலிருந்து தொட்டிச் செடிகளைத் தட்டையான வண்ணங்களில் பெரிதாக வரைகிறார். அவருடைய தொட்டிகளில் பல, மட்பாண்டக் கலைஞரான அவர் மனைவி ஷியோ குசாகாவின் கைவண்ணங்களைப் பார்த்து வரைந்தவை. அங்கே நிழல் கிடையாது, நாளின் பொழுது கிடையாது. சாய்வுக்குப் பதில் வடிவம்தான் பேசுகிறது. அது வேறொரு நோக்கம். தனித்திருப்பதைச் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் செடியோடு நீங்களும் கொஞ்சம் தனித்து இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: என் பச்சை எல்லாம் பிளாஸ்டிக் பச்சையாக வருகிறது. என்ன செய்வது?
(பொழுதுபோக்காக வரைபவர்)

பதில்: டியூபிலிருந்து வரும் விரிடியன் என்ற பச்சையை அப்படியே பூசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்கு பச்சை டியூப்களை ஒளித்து வைத்துவிடுங்கள். அல்ட்ராமரீன் நீலத்தோடு மஞ்சள் ஓக்கரைக் கலந்தால் முதிர்ந்த இலையின் அடங்கிய பச்சை வரும். கறுப்போடு எலுமிச்சை மஞ்சளைக் கலந்தால் ஆலிவ் பச்சை கிடைக்கும், நம்பாதவர்கள் கலந்து பார்க்கலாம். நிழலில் ஒரு துளி சிவப்பைச் சேர்த்தால் பச்சையின் கூச்சல் அடங்கும்.

அதைவிட முக்கியம், இலையில் இரண்டு வகை வெளிச்சம் உண்டு என்பது. ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் இலையை ஊடுருவி வரும் வெளிச்சம் மஞ்சள் கலந்த சூடான பச்சையாக இருக்கும். அதே இலையின் பளபளப்பான மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ வானத்தின் சாயலை ஏற்றுச் சாம்பல் நீலமாக இருக்கும். அந்த இடத்தில் பச்சையே தேவைப்படாது. மணி பிளான்டின் ஓர் இலை வளைந்திருந்தால், நடு நரம்பின் இந்தப் பக்கம் சாம்பல் நீலமும் அந்தப் பக்கம் மஞ்சள் பச்சையும் ஒட்டி நிற்பதைக் காணலாம். முதலில் அந்த ஓர் இலையை மட்டும் வரையுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் செடியையே வரையலாமா?
(அவரே)

பதில்: தாராளமாக வரையலாம், அதன்மேல் படிந்திருக்கும் தூசியோடு.

கேள்வி: வேலை நிமித்தம் மூன்று ஆண்டுகளாகத் தனியே வசிக்கிறேன். அறையில் இருந்த ஒரே செடியை வரையத் தொடங்கியிருந்தேன். படம் பாதியில் இருக்கும்போது வேர் அழுகிச் செடி பட்டுப்போய்விட்டது. தண்டு நிமிர்ந்து நிற்பதற்காக நட்ட குச்சியும், பழைய ஷூ கயிற்றால் நான் போட்ட கட்டும் மட்டும் தொட்டியில் இருக்கின்றன. அதே வகையில் புதுச் செடி வாங்கி வைத்துப் படத்தை முடிக்கலாமா?
(ஒரு வாசகி)

பதில்: புதுச் செடியை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது இந்தப் படத்துக்கு உரியது அன்று. அதன் சாய்வு வேறு, இலை எண்ணிக்கை வேறு. இரண்டையும் ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும். வேர் அழுகியதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர் மிகுந்து மண்ணுக்குள் காற்றுப் புகாமல் போனதுதான். தனியே இருப்பவர்கள் செடிக்கு அதிகமாகவே தண்ணீர் ஊற்றிவிடுகிறோம், நானும் விதிவிலக்கு அன்று.

வரைந்தவரை உள்ள பச்சை இலைகளை அழிக்க வேண்டாம். காய்ந்தவை தொட்டியில் இன்னும் கிடந்தால் அவற்றையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். காய்ந்த இலை சுருளும்போது அதுவரை நம் கண்ணில் படாத அடிப்புறம் மேலே வரும், நரம்புகள் கயிறு போலப் புடைக்கும். பழுப்பு, வைக்கோல் மஞ்சள், சாம்பல் என்று அதற்குள்ளேயே நாலைந்து நிறங்கள் கிடைக்கும். மேலே தழைத்த இலைகளும் கீழே இவையும் ஒரே திரையில் இருக்கட்டும்.

குச்சியையும் கயிற்றையும் விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த எண்ணம் இருப்பதாகத் தோன்றுகிறது. விடாதீர்கள். தண்டு இருந்த இடத்தில் கயிறு இப்போது தளர்ந்து ஒரு வளையமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் நேரமாகப் பார்த்து அமருங்கள். மெல்லிய தூரிகையை எடுத்து, முடிச்சில் எந்த இழை எதன்மேல் ஏறிப் போகிறது என்பதை மட்டும் அவசரப்படாமல் பின்தொடர்ந்து செல்லுங்கள்.